இலக்கியம் படித்தவர், மின்வேதியியலுக்கு 300 ஏக்கர் கொடுத்தது ஏன்? வள்ளல் அழகப்பர் கதை

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். வார விடுமுறைக்கு பைக்கில் போகிற பலருக்கு அந்த மலை என்றால் ஏரி, காபித் தோட்டம், குளிர். கொஞ்சம் நேரம் கிடைத்தால் தலைச்சோலை அண்ணாமலையார் கோயில். அவ்வளவுதான். ஆனால் சேர்வராயன் மலைக்கு இன்னொரு முகமும் இருக்கு. அதன் உச்சி மேடுகளில் கிடக்கும் செந்நிறக் கல்லின் பெயர் பாக்சைட். அலுமினியத்தின் தாது அது.

1965-ல் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ, உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட் கீழே இறங்கி மேட்டூர் போகும். அங்கே அது வெள்ளைப் பொடியாக, அலுமினாவாக மாறும். அந்தப் பொடியில் இருந்து உலோகத்தைப் பிரித்தது நெருப்பு மட்டும் இல்லை, மின்சாரமும்தான்.

மலை மேலே கல். மலைக்குக் கீழே மின்சாரம். இந்த ரெண்டையும் சேர்த்து வைக்கிற அறிவியலுக்குப் பெயர் மின்வேதியியல். அந்த அறிவியலுக்கு இந்தியாவில் ஒரு தேசிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று முடிவானபோது அது டெல்லிக்கும் போகவில்லை, மும்பைக்கும் போகவில்லை. காரைக்குடிக்கு வந்தது. காரணம் ஒரே ஒரு மனிதர். அவர் விஞ்ஞானி இல்லை. ஆங்கில இலக்கியம் படித்தவர்.

யார் இந்த அழகப்பர்?

ராம. அழகப்பச் செட்டியார் பிறந்தது 1909 ஏப்ரல் 6. ஊர், காரைக்குடியை ஒட்டியிருக்கும் கோட்டையூர். நகரத்தார் குடும்பம். அந்தக் காலத்து நகரத்தார் வீட்டுப் பையன்களுக்கு வாழ்க்கைப் பாதை ஏறக்குறைய முடிவு செய்யப்பட்ட ஒன்று. கணக்குப் பழகணும், பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறணும், கடையைப் பார்த்துக்கணும்.

அழகப்பர் இதில் பாதி வழியில் திரும்பினார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து எம்.ஏ. முடித்தார். அந்தச் சமூகத்தில் அப்போது அது அபூர்வம். பிறகு லண்டன் போய் பாரிஸ்டர் படிப்பு, சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி, விமானம் ஓட்டும் லைசென்ஸ். இப்போது சொன்னால் ஒரு லிங்க்ட்இன் புரொஃபைல் மாதிரி இருக்கும். 1930-களின் தொடக்கத்தில் செட்டிநாட்டில் இருந்து போன ஒரு இளைஞருக்கு இது ரொம்பவே புதுசு.

பணம் எங்கிருந்து வந்தது?

ஊர் திரும்பிய பிறகு வக்கீல் தொழிலில் நிற்கவில்லை. வியாபாரத்துக்கு வந்தார். வட்டித் தொழிலை விட ஆலைத் தொழிலில்தான் அவருக்கு ஆர்வம். கேரளத்தின் திருச்சூர் பக்கம் 1937-ல் ஒரு நெசவாலையை ஆரம்பித்தார். ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றும் அளகப்பநகர் என்றுதான் பெயர். காப்பீடு, மலேயாவில் முதலீடு என்று கிளைகள் விரிந்தன. விமானம் ஓட்டிய ஆசை விடவில்லை போல. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனமும் அவர் தொடங்கியதுதான்.

ஆங்கிலேய அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை அடைந்ததும் அதைத் துறந்துவிட்டார்.

இதுவரைக்கும் இது ஒரு பணக்காரரின் கதை. அந்தப் பணத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பதில்தான் கதை திரும்புகிறது.

1944-ல் சென்னை கிண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அதற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தவர் அழகப்பர். வேதிப் பொறியியல், நெசவு, தோல் தொழில்நுட்பம் சொல்லித்தர வந்த அந்தக் கல்லூரியைத்தான் இன்று மாணவர்கள் ‘ஏ.சி. டெக்’ என்கிறார்கள். அதில் ‘ஏ.சி.’ என்பது அழகப்பச் செட்டியார். இப்போது அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம்.

ஒரு மேடை, ஒரு அறிவிப்பு

1947 ஜூலை. அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா மேடை. அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், வசதி படைத்தவர்கள் நகரத்துக்கு வெளியேயும் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட வேண்டுகோள்கள் விழாக்களில் வழக்கம். கை தட்டிவிட்டுப் போவதும் வழக்கம்.

அழகப்பர் உடனே ஒரு லட்சம் ரூபாய் தருவதாகவும், காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாகவும் அறிவித்தார். ஆகஸ்ட் 11-ல் கல்லூரி ஆரம்பித்தே விட்டது. சுதந்திரத்துக்கு 4 நாள் முன்னால். சொந்தக் கட்டடம் எழும் வரை காத்திருக்கவில்லை. ஊருக்குள் இருந்த காந்தி மாளிகையில் வகுப்பு நடந்தது.

அதற்குப் பிறகு அவர் நிற்கவே இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி, மான்டிசோரி பள்ளி என்று மழலையர் வகுப்பில் இருந்து பட்டம் வரைக்கும் ஒரே வளாகத்தில் படிக்கிற ஏற்பாடு உருவானது. பின்னாளில், 1985-ல், அழகப்பா பல்கலைக்கழகம் வந்ததும் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

அப்போ மின்வேதியியல் எங்கே வந்தது?

இதைப் புரிந்துகொள்ள அந்த நேரத்து இந்தியாவைக் கொஞ்சம் பார்க்கணும். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, சுருக்கமாக சி.எஸ்.ஐ.ஆர்., 1942-ல் தொடங்கியது. அதன் தலைவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர், ஒவ்வொரு துறைக்கும் ஒரு தேசிய ஆய்வுக்கூடம் அமைக்கிற திட்டத்தோடு இருந்தார். புனேயில் வேதியியல், டெல்லியில் இயற்பியல், சென்னையில் தோல், மைசூரில் உணவு. அந்தப் பட்டியலில் மின்வேதியியலும் இருந்தது.

ஏன்? நம்மிடம் தாது இருந்தது. அணைகள் வர ஆரம்பித்திருந்தன. மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, அதன் பக்கத்திலேயே உப்பில் இருந்து காஸ்டிக் சோடா எடுக்கிற ஆலையும் வந்துவிட்டது. 1943-ல் கேரளத்தின் ஆலுவா பக்கம் அலுமினியம் வார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் தொழில்நுட்பம் எல்லாம் வெளியில் இருந்து வாங்கியது. பேட்டரி, முலாம் பூசுவது, துருப்பிடிக்காமல் காப்பது, உலோகம் பிரிப்பது, காஸ்டிக் சோடா தயாரிப்பது, இது எல்லாத்துக்கும் அடியில் இருப்பது ஒரே அறிவியல்தான். மின்சாரம் ஒரு திரவத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கும் என்கிற அறிவியல்.

அழகப்பர் இந்த இடத்தில் குறுக்கே வந்தார். ஆய்வுக்கூடத்தைக் காரைக்குடியில் வைத்தால் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாய் பணமும் தருகிறேன் என்றார். 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம்.

300 ஏக்கர் என்பது பெரிய நிலம்தான். ஆனால் வெறும் நிலம் ஒரு ஆய்வுக்கூடத்தை ஓட்டாது. கல்கத்தாவிலோ பெங்களூரிலோ இருக்கிற ஒரு விஞ்ஞானி, மழை குறைந்த இந்தச் சிற்றூருக்குக் குடும்பத்தோடு வரணும்னா அவருடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேணும். உதவிக்குப் படித்த பையன்கள் வேணும். அழகப்பர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த பள்ளிகளும் கல்லூரிகளும்தான் அந்தக் கேள்விக்குப் பதில். அவருடைய கொடைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் இது தெரியாது. சேர்த்துப் பார்த்தால் ஒரு திட்டம் தெரியும்.

1953 ஜனவரி 14, பொங்கல் நாள். குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். ஊர்க்காரர்களுக்கு ‘சிக்ரி’.

அவர் பார்க்காதது

அழகப்பருக்கு நீண்ட ஆயுள் இல்லை. வாழ்க்கையின் பெரும்பகுதி நோயோடுதான் போனது. கல்லூரிகள் வளர வளர உடம்பு குறைந்துகொண்டே வந்தது. 1956-ல் பத்ம பூஷண் விருது வந்தது. 1957 ஏப்ரல் 5-ல் காலமானார். மறுநாள் அவருக்கு 48-வது பிறந்தநாள் வந்திருக்கும்.

ஆய்வுக்கூடம் திறந்த பிறகு அவர் வாழ்ந்தது நாலு வருடம் சொச்சம். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நாலு வருடம் என்பது கருவிகளை இறக்கி வைக்கிற காலம். கல்லூரி தொடங்கினால் மூணு வருடத்தில் பட்டதாரியைப் பார்க்கலாம். ஆய்வுக்கூடம் தொடங்கினால் என்ன வரும், எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வகையில் அவர் கொடுத்ததிலேயே ரிஸ்க்கான கொடை இதுதான்.

சரி, அப்படி என்ன வந்தது?

துருப்பிடிப்பைத் தடுப்பது, பேட்டரி, முலாம், உப்புத்தண்ணீரில் இருந்து குளோரின் எடுப்பது என்று சிக்ரியின் பட்டியல் நீளம். கடல் காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்பதைப் பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே இருக்கு. காரைக்குடி வளாகத்தில் மின்வேதியியலையும் வேதிப் பொறியியலையும் சேர்த்து ஒரு பி.டெக். படிப்பும் நடந்துவருகிறது.

எல்லாத்தையும் இங்கே சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கழிவுநீரில் இருந்து மின்சாரத்தால் உலோகத்தைத் திரும்ப எடுப்பது. சிக்ரி ஆராய்ந்துவரும் துறைகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகத் தேவைப்படுகிற விஷயம்.

உங்க பைக்கில் பளபளக்கிற பாகங்கள், குழாய், கதவுக் கைப்பிடி, எல்லாம் முலாம் பூசியவை. பிளேட்டிங் பட்டறையில் பொருளை உலோகக் கரைசலில் முக்கி எடுத்து, பிறகு தண்ணீரில் அலசுவார்கள். அந்த அலசுத் தண்ணீரில் தாமிரம், நிக்கல் எல்லாம் கரைந்திருக்கும். அதை அப்படியே ஆற்றில் விடக்கூடாது. இந்தியாவின் பொது வரம்புப்படி ஆறு, குளத்தில் விடும் நீரில் தாமிரமோ நிக்கலோ லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

முலாம் பூசியதும் மின்சாரம்தான். அதே மின்சாரத்தால் இந்த உலோகத்தையும் பிடிக்க முடியாதா? முடியும். கணக்கு 1834-லேயே ஃபாரடே சொன்னது. எவ்வளவு மின்சாரம் போகுதோ அந்த அளவுக்கு உலோகம் படியும். ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.19 கிராம் தாமிரம்.

ஆனால் அது தாமிரம் நிறைய இருக்கும்போது. அலசுத் தண்ணீரில் அது ரொம்பக் கொஞ்சம். இங்கேதான் சிக்கல்.

தட்டையான தகடு ஏன் போதாது?

தகட்டை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். தாமிர அயனி அதைத் தானாக ஊர்ந்து கடந்து வரணும். தண்ணீரில் தாமிரம் குறைவு என்றால் வருகிற அயனியும் குறைவு. நீங்க கரண்டைக் கூட்டினாலும் பயன் இல்லை. கூடுதல் கரண்ட் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் குமிழியை விடும். கரண்ட் பில் ஏறும், தாமிரம் ஏறாது.

இதற்கு வழி, தகட்டைத் தூக்கிவிட்டு நுண்துளைகள் நிறைந்த ஒன்றை வைப்பது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கற்பனை பண்ணிக்கோங்க. கைக்குள் அடங்கும், ஆனால் அத்தனை இழைகளையும் விரித்தால் பரப்பளவு பெருசு. அப்படி ஒரு நாரையோ, கார்பன் கம்பளியையோ மின்வாயாக வைத்து, தண்ணீரை அதன் ஊடாகவே ஓட விடுவார்கள். எந்த அயனிக்கும் பக்கத்திலேயே ஒரு சுவர் இருக்கும். ரொம்ப தூரம் ஊர வேண்டாம்.

இன்னொரு லாபம், இது பெருகிக்கொண்டே போகும். ஒரு தடிமன் 90 சதவீதத் தாமிரத்தைப் பிடிக்குதுன்னு வைங்க. அதே தடிமன் இன்னொன்று சேர்த்தால் மீதி 10-ல் 90 சதவீதத்தைப் பிடிக்கும். ஆக 99 ஆகிவிடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1972-ல் அமெரிக்காவின் டக்ளஸ் பெனியன், ஜான் நியூமன் என்ற இரண்டு பேர் இதைச் செய்து காட்டினார்கள். லிட்டருக்கு 667 மில்லிகிராம் தாமிரம் இருந்த கரைசல், கார்பன் துகள் மின்வாய்க்குள் போய் வெளியே வரும்போது ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. தங்கச் சுரங்க ஆலைகளில் எஃகு நாரின் மேல் தங்கத்தைப் படிய வைப்பதும் இதே குடும்பத்து வேலைதான்.

அப்படின்னா ஏன் எல்லாப் பட்டறையிலும் இது இல்லை? பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கமே கூட்டம் நின்றுகொண்டு உள்ளே இடம் காலியாக இருக்குமே, அதே பிரச்சினை இங்கேயும். மின்சாரம் நாரின் உள்ளே வரை சமமாகப் போகாது. எதிர் மின்வாய்க்குப் பக்கத்து முகத்தில்தான் உலோகம் குவியும். கொஞ்ச நாளில் அந்தத் துளைகள் அடைபடும், தண்ணீர் ஓடாது. ரொம்பத் தடிமனாக வைத்தால் ஒரு பக்கம் ஹைட்ரஜன் குமிழி, மறுபக்கம் வேலையே நடக்காது. எவ்வளவு தடிமன், எவ்வளவு வேகம், எவ்வளவு கரண்ட், எப்போ சுத்தம் பண்ணணும், இந்த நாலையும் ஒவ்வொரு கழிவுநீருக்கும் தனியாகக் கணக்குப் போடணும். விலைக்கு வாங்கி மாட்டிவிட்டுப் போகிற சாமான் இல்லை இது. பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடம் இருக்க வேண்டியது அதனால்தான்.

ஏற்காட்டு மலைக்கு இதில் என்ன?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடணும். அலுமினியத்தை இந்த முறையில் பிடிக்க முடியாது. தண்ணீருக்குள் அலுமினியம் படியும் முன்னால் ஹைட்ரஜன் முந்திக்கொள்ளும். அதனால்தான் உருகிய கிரையோலைட் உப்பில், 950 டிகிரிக்கும் மேலான சூட்டில் அதைப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 13 முதல் 15 யூனிட் மின்சாரம் போகும். சில வீடுகளில் அது ரெண்டு மூணு நாள் கரண்ட். 2008-க்குப் பிறகு மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் மலையில் வெட்டியது வெட்டியதுதான். உச்சியில் எடுத்த கல்லையும் மண்ணையும் திரும்ப வைக்க எந்த மின்வாயாலும் முடியாது.

ஆனால் தாமிரம், நிக்கல், வெள்ளி, தங்கம் விஷயம் வேற. இவை தண்ணீரில் இருந்து படியும். நம் கையில் இருக்கிற பழைய போனின் சர்க்யூட் போர்டில் தாமிரமும் துளி தங்கமும் இருக்கு. அமிலத்தில் கரைத்தால் கரைசல். கரைசலை நாருக்குள் ஓட விட்டால் உலோகம். ஒரு முறை வெட்டி எடுத்ததைத் தண்ணீரில் தொலைக்காமல் திரும்பப் பிடிக்கிற அளவுக்கு, இன்னொரு மலையில் வெட்டுவது குறையும்.

அழகப்பர் கார்பன் கம்பளியையும் அலசுத் தண்ணீரையும் யோசித்து நிலம் கொடுத்திருப்பார் என்று சொன்னால் அது கற்பனை. 1948-ல் சுற்றுச்சூழல் பற்றிய பேச்சே இங்கே பெரிதாக இல்லை. தன் ஊருக்கு அறிவு வேலை வரணும், அதற்கு நிலம் தடையாக இருக்கக்கூடாது என்கிற அளவில்தான் அவருடைய கணக்கைப் பார்க்க முடியும். அது போதுமானதாகவும் இருந்தது.

செட்டிநாட்டில் செல்வத்தின் அடையாளம் பெரிய வீடுகள். பர்மா தேக்கு, இத்தாலி பளிங்கு. அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, சில ஹோட்டலாகிவிட்டன. அதே காலத்துப் பணத்தில் அழகப்பர் கட்டிய கட்டடங்களில் காலையில் மணி அடிக்கிறது, ஆய்வகங்களில் இரவிலும் விளக்கு எரிகிறது. அடுத்த முறை காரைக்குடி போகும்போது ஆயிரம் ஜன்னல் வீட்டு செல்ஃபியோடு நிறுத்திவிடாமல், கல்லூரிச் சாலை பக்கமும் ஒரு எட்டு போய்விட்டு வரலாம்.